நாலு பேர் போதும்

நல்லது செய்யப்போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது நிறைய. ஒரே ஒருமுறை அது அடுத்தவர் தலையில் விடிந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

ஒரகடத்தில் ஒரு கிடங்கில், கன்டெய்னர் இறக்கும் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். நாற்பதடி கன்டெய்னரில் கூரை வரை அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஆறு லோடுமேன்கள் கைமாற்றிக் கைமாற்றி வெளியே கொண்டுவர வேண்டும். சித்திரை வெயிலில் அதற்குள் நின்றால் இட்லிக் கொப்பரைதான்.

அந்த ஆறு பேரில் ஒருவரான மேஸ்திரி மணிமங்கலத்துக்காரர். நிலமெல்லாம் மனையாகிப்போன மனிதர். குனிந்தால், நிமிர்வதற்குச் சுவரில் கை ஊன்றுவார். பார்க்கச் சகிக்காமல்தான், கன்டெய்னரின் கடைசிவரை நீண்டுபோய்ப் பெட்டிகளை வாங்கிவரும் பெல்ட் கன்வேயர் ஒன்று வேண்டும் என்று மேனேஜருக்கு எழுதினேன். இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. மூன்றாம் முறை, காரியம் ஆகட்டுமே என்று ஒரு வரி சேர்த்தேன்: 'ஆறு பேர் வேலைக்கு நாலு பேர் போதும்.' மறு வாரமே மிஷின் சோதனைக்கு வந்து நின்றது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சோதனையன்று காலை மேனேஜர் போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்துகொண்டு என் காதோரம் வந்தார். "நாலு பேர் மட்டும் உள்ள போகட்டும். லஞ்சுக்குள்ள முடிஞ்சா ரெண்டு பேரைக் குறைச்சிடலாம்."

யாரை நிறுத்துவது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி தாமாகவே ஒதுங்கி, பெட்டி அடுக்கும் மரப் பேலட் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். தன் வயதுக்காரர் இன்னொருவரையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"பெருசுங்க நாங்க குந்திக்கிறோம் சார். பசங்க போவட்டும்."

ஐம்பதைத் தாண்டியவரை இந்தப் பக்கம் எந்த கம்பெனி கேட்டிலும் உள்ளே விடமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். மேனேஜர் சொன்னதுதான் தெரியாது.

பெல்ட் ஓடியது. பெட்டிகள் சரசரவென்று வந்து இறங்கின. உலகத்தில் எத்தனை மிஷின் மக்கர் பண்ணுகிறது, இது மட்டும் ஏன் இப்படி ஓடித் தொலைக்கிறது என்று மனசுக்குள் திட்டினேன். நான் கெஞ்சி வாங்கிய மிஷின்! மேனேஜர் போனைக் குனிந்து பார்த்த நேரம், 'மெதுவா, மெதுவா' என்று உள்ளே இருந்தவர்களுக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினேன். அவர்கள் ஒன்றும் புரியாமல் நின்றார்கள்.

பேலட்டிலிருந்து என் கைச்சாடையைப் பார்த்த மேஸ்திரி விடவில்லை. "இன்னாடா பாத்துகினு கீறீங்க? அடியில கீற பொட்டியையும் சேத்து எடுக்க சொல்றாரு! சாரு நமக்கோசரம் சண்ட போட்டு வாங்கியாந்த மிஷினுடா. அவரு பேர காப்பாத்துங்க!"

காப்பாற்றினார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே கன்டெய்னர் வழித்துவிட்டாற்போல் காலி.

மேனேஜர் பேலட் பக்கம் தாடையைக் காட்டினார். "அந்த ரெண்டு பேர் திங்கள்லேர்ந்து வேணாம். கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிடுங்க."

"சார், இன்னும் நாலஞ்சு நாள் பார்த்துட்டு…"

"நீங்கதானே எழுதினீங்க?"

அவர் போனதும் மேஸ்திரி பேலட்டில் கையூன்றி எழுந்து என்னிடம் வந்தார்.

"இன்னா சார், மிஷினு பாஸா?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கோழை நான், சொல்லவில்லை.

"பாஸ்" என்றேன்.

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் முன்னால் கை தட்டினார்.