மல்லிகாவின் அட்டை மருந்து

றக்வான மலையில் பிறந்த எவருக்கும் அட்டையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மழை பிடித்துவிட்டால் தேயிலைத் தூருக்குத் தூர் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஏறுவது தெரியாது, ரத்தம் வழிந்த பிறகுதான் தெரியும். மல்லிகா பதினாறு வயதில் கூடையைத் தலையில் மாட்டிய நாளிலிருந்து அந்தக் கூட்டத்துக்குத் தீனி போட்டே வந்தாள். கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து இடது கணுக்கால் ஆறாத புண்ணாகிப் போனபோதுதான் அவளுக்கு ரோசம் வந்தது. துணி துவைக்கிற மஞ்சள் சோப்பைச் சீவி, புகையிலைக் காம்பு ஊறிய தண்ணீரில் உப்போடும் அடுப்புச் சாம்பலோடும் குழைத்து ஒரு களிம்பு செய்தாள். நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் காலையில் பூசினால் மத்தியானம் வரை, அடைமழையிலும், ஒரு அட்டை கிட்ட வராது.

மருந்து கிடைத்தது, கால்தான் திரும்பி வரவில்லை. மேட்டில் ஏறினால் புண் வலிக்கும். கொழுந்து குறையும். நிறை குறைந்தால் அன்றைக்கு அரை நாள் சம்பளம்தான். தோட்டத்தில் அதற்கு அரைப்பேர் என்று பெயர். புருசன் வேலுசாமி மண்சரிவில் போய்ச் சேர்ந்திருந்தான். அரைப்பேர்க்காரிகளைப் பதிவிலிருந்து வெட்டப்போவதாகக் கணக்கப்பிள்ளை சொல்லத் தொடங்கினார். வீட்டில் ஒருவர் பேராவது தோட்டப் பதிவில் இல்லாவிட்டால் குடியிருக்கிற ஒற்றை அறையை, லயத்துக் காம்பராவை, காலி செய்ய வேண்டும். தாய் பேர் வெட்டப்பட்டால் மகள் பேரைப் போட வேண்டும். இது 2007இல். மகள் ஷாமிளா பள்ளிக்கூடக் கடைசி வகுப்பான ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள், பரீட்சைக்கு இன்னும் ஒரு வருசம் இருந்தது. அந்த ஒரு வருசத்தை எப்படித் தள்ளுவது என்பதுதான் மல்லிகாவின் ஒரே கவலை.

தயாளினி மிஸ் அவள் வாழ்க்கைக்குள் வந்தது அதற்கு இரண்டு வருசம் முன்பு, 2005இல். யாழ்ப்பாணத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பிக்கிற தற்காலிக விரிவுரையாளர். மண் மாதிரி எடுக்க வந்து அட்டைக்குப் பயந்து கல்லின் மேல் ஏறி நின்றவளின் காலில் மல்லிகாதான் களிம்பைத் தடவிவிட்டாள். சாயங்காலம் வரை ஒன்றும் கடிக்காததைப் பார்த்து மிஸ் டப்பாவோடு கொண்டுபோனாள். இரண்டு வருசம் ஆய்வுகூடத்தில் கிடந்தாள். காப்புரிமை விண்ணப்பத்தில் தன் பெயருக்குக் கீழே மல்லிகாவின் பெயரையும் எழுதினாள். அப்படி எழுதுகிறவர்கள் எத்தனை பேர்?

அந்தச் சமயம் பல்கலைக்கழகத்தில் தொழில்முயற்சிப் பிரிவு என்று ஒன்றைப் புதிதாகத் திறந்திருந்தார்கள். ஆராய்ச்சி அலுமாரியில் தூங்கக் கூடாது, கடைக்குப் போக வேண்டும் என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருந்தார்கள். கையில் இருந்ததோ ஒரே ஒரு கொழும்புக் கம்பனி. அது அந்த வருசம் ஒரு கண்டுபிடிப்பைத்தான் எடுக்கும். எடுத்தால், குழந்தைகளை விட்டுப்போகிற பழைய பிள்ளைக்காம்பராவில் களிம்பு செய்து டப்பாவில் அடைக்கிற வேலை. ஆறு பெண்களுக்கு, உட்கார்ந்தபடி. பேர் பதிவிலேயே இருக்கும் என்று தோட்டத்துத் துரையும் ஒத்துக்கொண்டார். மல்லிகா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள்.

2007 ஜூலையில் கம்பனிக்காரர் தோட்டத்துக்கே வருவதாகச் செய்தி வந்தது. தோட்டத்துப் பெண்கள் கையால் செய்ததைப் பூசிக்கொண்டு தானே தேயிலைக்குள் நடந்து பார்ப்பாராம்.

முதல் நாள் மல்லிகா சோப்பைச் சீவக் கத்தியை எடுத்தாள். கை ஓடவில்லை. வீட்டுக்கு வருகிறவருக்குப் புதுக் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கிற சனம். கொழும்புத் துரை காலில் துணிச் சோப்பா? பஸ் ஏறி டவுனுக்குப் போய் ரோஸ் நிறத்தில் இரண்டு வாசச் சோப்பு வாங்கிவந்து, அதைச் சீவிக் குழைத்தாள். சோப்பு சோப்புதானே என்று நினைத்தாள். மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போலப் பழைய டப்பாவின் அடியில் மிஞ்சியிருந்ததை வழித்துத் தன் காலில் பூசிக்கொண்டாள். நல்லது விருந்தாளிக்கு.

வேன் வந்தது. டப்பாவைத் திறந்ததும் தயாளினி முகர்ந்தாள்.

"என்னக்கா, வாசம் வேற மாதிரிக் கிடக்கு?"

"நல்லாவே செஞ்சிருக்கேன் மிஸ்," என்று மல்லிகா பெருமையாகச் சிரித்தாள்.

அதற்குள் கம்பனிக்காரர் காலுறையைக் கழற்றிவிட்டார். பூசிக்கொண்டு, மல்லிகா வழிகாட்ட, ஈரப் புல்லுக்குள் இறங்கினார். இருபது அடி போகவில்லை, அவர் காலெல்லாம் வெள்ளை நுரை. அந்த நுரையைப் பார்த்ததுமே மல்லிகாவுக்குத் தவறு புரிந்துவிட்டது. துணிச் சோப்பு தோலில் ஒட்டிக் காய்ந்துவிடும். இது பனித்தண்ணிக்கே கரைந்து ஓடுகிறது. திரும்பி வந்தபோது அவர் கணுக்காலில் ஐந்து அட்டைகள் உப்பிப்போய்த் தொங்கின.

அவர் கோபப்படவில்லை. "ஹரி ஹரி, பிரஷ்ணயக் நே," பரவாயில்லை என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்தது.

"வழக்கமாச் செய்யிறதைத்தானே செய்தனீங்கள்?" தயாளினி மறுபடி டப்பாவை முகர்ந்தாள்.

"சோப்ப மாத்திட்டேன் மிஸ். துணி சோப்ப போயி பெரிய மனுசங்க கால்ல எப்பிடிங்க..."

"ஐயோ அக்கா!" என்று மிஸ் வேனுக்கு ஓடினாள். ஒரு மணித்தியாலம் தாருங்கள், வேறு செய்து காட்டுகிறோம் என்று இங்கிலிசிலும் சிங்களத்திலும் கெஞ்சினாள். பனிமூட்டம் இறங்குகிறது, இருட்டுமுன் வளைவுகளைத் தாண்ட வேண்டும் என்றார் டிரைவர். பல்கலைக்கழகத்திலிருந்து வந்த அதிகாரி பைலை மூடினார்.

மல்லிகா அசையாமல் நின்றாள். அதே புல்லில்தான் அவளும் நடந்தாள். அவள் காலில் பழைய களிம்பு. கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய சாக்குத் துணியை, அந்தப் படங்கை, முழங்கால் வரை தூக்கினால் போதும், ஒரு அட்டைகூட இல்லை என்று அவர்களே பார்ப்பார்கள். மூன்று ஆம்பளைகள் முன்னால் எப்படித் தூக்குவது? அந்தப் புண்ணை எப்படிக் காட்டுவது? கை படங்கைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. வேன் கிளம்பிய பிறகுதான் அவள் வெறி பிடித்தவள் மாதிரி படங்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

"மாத்தயா! பலன்ன! என் காலப் பாருங்க மாத்தயா! ஒண்ணுகூட இல்லீங்க!"

வேன் வளைவில் திரும்பிவிட்டது. பார்த்தது கொழுந்து நிறுக்க நின்ற சனம்தான்.

கம்பனி வேறு யாருடையதையோ எடுத்துக்கொண்டது. தயாளினி எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. டிசம்பரில் தற்காலிக வேலையும் முடிந்து அவளும் போய்விட்டாள். தை பிறக்குமுன் மல்லிகாவின் பேரை வெட்டினார்கள். ஷாமிளா புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

மகள் முதல் நாள் கொழுந்துக்குப் போன காலையில், மல்லிகா மஞ்சள் சோப்புக் களிம்பை அவள் காலில் விரல் இடுக்குவரை பூசிவிட்டாள். அன்று முழுக்க மழை. சாயங்காலம் வாசலில் உட்காரவைத்து, விளக்கைப் பிடித்து, இரண்டு காலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு அட்டைகூடக் கடிக்கவில்லை. மல்லிகா மகளின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.