முழு மரை

மரை என்னும் பெரிய காட்டுமானை நான் சிறுவயது முதலே அறிவேன். ஆனால் துண்டுகளாக மட்டுமே. வன்னியில் எங்கள் வீட்டு ஆண்கள் வேட்டைக்குப் போய்த் திரும்பினால், இலையில் சுற்றிய பங்குகள் குசினி வாசலுக்கு வந்து சேரும். சுட்டவருக்கு ஒரு பங்கு, துவக்குச் சொந்தக்காரருக்கு ஒரு பங்கு, தோளில் காவி வந்தவர்களுக்கு ஒரு பங்கு என்று காட்டிலேயே பிரித்திருப்பார்கள். அதற்குப் பிறகு எல்லாம் பெண்களின் வேலை. எலும்பை நீக்குவோம், தசையின் போக்குப் பார்த்து நீளநீளமாக வார்வோம், உப்பும் மஞ்சளும் பிரட்டிக் கொடியில் வத்தலுக்குப் போடுவோம். ஒரு துண்டு இறைச்சியைக் கையில் எடுத்தால், அது உடம்பின் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அந்த உடம்பு நாலு காலில் எழுந்து நின்றால் எப்படியிருக்கும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. பெண்கள் காட்டுக்குப் போவதில்லை.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்து, கிளேட்டனில் ஒரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். திருப்பி அடுக்குவதற்காக வந்த ஒரு தடித்த விலங்கியல் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. நூறு ஆண்டுகளுக்கும் முன்னர் வெள்ளைக்காரர்கள் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மரைகளைக் கப்பலேற்றி இந்த மாநிலத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். எங்கள் மலைநாட்டுத் துரைமார் 'எல்க்' என்று அழைத்த அதே விலங்கு, இங்கே 'சாம்பர்' என்ற பெயரோடு கிழக்கு மலைகளில் பெருகிக் கிடக்கிறது. நான் புத்தகத்தை அடுக்கவில்லை. நின்ற நிலையிலேயே அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை வாசித்தேன். வன்னியில் காண முடியாததை இங்கே கண்டுவிடலாம் என்ற எண்ணம் வந்த கணத்திலிருந்து எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் என் வயதுடைய ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்தாள். பாடசாலையொன்றில் உடற்பயிற்சி ஆசிரியை. மலையடிவாரப் பண்ணையில் வளர்ந்தவள். சொந்தமாக ஒரு துவக்கு வைத்திருந்தாள். மரை வேட்டைக்கு அவள் போய்வருவதை அறிந்த நாளிலிருந்து நான் அவளை விடவில்லை. ஓராண்டு முழுவதும் அவளுடைய தமையனின் பண்ணையில் தகரப் பேணிகளை வைத்துச் சுடப் பழகினேன். அனுமதிப் பத்திரமும் எடுத்தேன். அந்தக் குளிர்காலத்தில் இரண்டு தடவை அவளோடு மலைக்குப் போனேன்.

இரண்டு தடவையும் ஒன்றே நடந்தது. ஈரமான பள்ளத்தாக்கு, விசிறிபோல இலை விரித்த ஆளுயர மரப்பன்னங்கள், வழுக்கும் சரிவு. அதற்குள் எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து பழைய லொறியின் ஹோர்ன் போல ஒரு குரல். அதைத் தொடர்ந்து கிளைகள் முறியும் ஓசை. பிறகு அமைதி. எங்களுக்கு முன்னால் மரை நின்றது, எங்களை அறிந்தது, போய்விட்டது. காற்று மாறிவிட்டது என்று தோழி ஆறுதல் சொன்னாள். காலையில் குளிர்காற்று சரிவில் இறங்கும், வெயில் ஏறினால் காற்றும் ஏறும், அதைக் கணிப்பது கடினம் என்றாள்.

காற்றில் பிழையில்லை என்பதை ஒரு மழைநாள் நூலகத்தில் அறிந்தேன். வேறு மேலங்கி காயாததால் வேட்டைக்குப் போட்ட கம்பளி அங்கியையே அணிந்து போயிருந்தேன். மலேசியாவிலிருந்து படிக்க வந்த தமிழ் மாணவி ஒருத்தி மேசைக்கு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"அக்கா, இன்னிக்கு உங்க வீட்ல என்ன கறி? பசியைக் கிளப்பி விட்டுட்டீங்க."

அந்த அங்கி எங்கள் குசினிக் கதவின் பின்னால் தொங்குவது. அதே குசினியில்தான் நான் மிளகாயும் மல்லியும் வெந்தயமும் பெருஞ்சீரகமும் வறுத்துக் கறித்தூள் செய்வேன். தலையில் தேங்காயெண்ணெய் வேறு. மலையில் உள்ள மரைகளுக்கெல்லாம் நான் வருகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். எனக்கு வெட்கம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சிரிப்புக்குப் பின்னால் பெரிய உற்சாகம் வந்தது. ஏனென்றால் இது திருத்தக்கூடிய பிழை. அங்கியை வெறும் தண்ணீரில் அலசிக் கொல்லையிலே உடுப்புக் கொடியில் வெயிலுக்கும் மழைக்கும் விட்டேன். எண்ணெய் வைப்பதை நிறுத்தினேன்.

"தலை தும்புத்தடி மாதிரிக் கிடக்கு," என்றார் என் கணவர்.

அவர் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், கணித ஆசிரியர், முட்டையும் தொடாதவர். எங்கள் குசினியில் அவருடைய சட்டிகள் ஒரு தட்டிலும் என்னுடையவை வேறொரு தட்டிலும் இருந்தன. அதைப் பற்றி எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

மூன்றாவது பயணத்துக்கு விடுமுறை எடுத்தாயிற்று. அப்போதுதான் தோழி மாணவிகளோடு பந்து விளையாடப் போய்க் கணுக்காலை முறித்துக்கொண்டாள். குளிர்காலம் முடியப் போகிறது. வெக்கை வந்தால் இறைச்சி தங்காது. ஆண்டு முடிவில் அவள் வேலை மாறி வடக்கே குயின்ஸ்லாந்துக்குப் போகிறாள். துவக்கும் அவளோடு போய்விடும். இப்போது போகாவிட்டால் பிறகு இல்லை. போவதானால் தனியே போகவேண்டும்.

அவள் காலைக் கதிரையில் நீட்டி வைத்தபடி, போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. தனியாகப் போகும் ஆண்கள் தோற்பது சுடுவதில் அல்ல, சுட்ட பிறகுதான் என்றாள். ஒரு பெரிய மரை இரண்டு மூன்று ஆட்களின் நிறை இருக்கும். அதைப் பள்ளத்தில் விழுத்திவிட்டு, மேலே கொண்டுவர முடியாமல் அழுக விட்டு வந்தவர்களை அவளுக்குத் தெரியும். பகல் வெளிச்சத்துக்குள் காவி முடிக்க முடியாத இடத்தில் நிற்கும் எதையும் சுடாதே. அது ஒன்றுதான் அவள் என்னிடம் கேட்ட வாக்கு.

அந்த வாரம் முழுவதும் நான் இதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன். பயம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். வழுக்கி விழுந்தால் கூப்பிட ஆளில்லை. மூடுபனி இறங்கினால் மலைமுகடு எது, சரிவு எது என்று தெரியாது. ஆனால் நூலகத்தில் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே என் கைகள் வேறொரு வேலையைச் செய்து பார்த்தன: தோலை எங்கே கீறுவது, தோளோடு முன்காற்சந்தை எப்படிக் கழற்றுவது, எலும்பை அங்கேயே விட்டுத் தசையை மட்டும் எடுத்தால் எத்தனை பைகளாகும். ஆண்களைத் தோற்கடிக்கும் அந்த வேலை எனக்குச் சிறுவயதிலிருந்தே கைவந்த வேலை.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்கள் மிகச் சில. ஒரு வீட்டில் தும்மினால் மற்ற வீட்டில் கேட்கும். வைத்தியர் ஒருவரின் மனைவியான அன்ரி தொலைபேசியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, தனிய மரை சுடப் போறியாம். நான் இப்பவே சட்டியைக் கழுவி வைக்கட்டோ, இல்லாட்டி வழக்கம்போலக் கத்தரிக்காயை வெட்டட்டோ?"

"ரெண்டையும் செய்யுங்கோ, அன்ரி," என்றேன்.

கணவரிடம் அன்று பின்னேரம் தேநீரோடு போய் உட்கார்ந்தேன். அவர் மாணவர்களின் விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார். பெண் என்பதையோ ஊர் என்ன சொல்லும் என்பதையோ அவர் எடுக்கவில்லை. கணக்கை நேராகப் போட்டார்.

"சுடுவீர். அது எனக்குத் தெரியும். சுட்டுப்போட்டு எப்பிடிக் கொண்டு வருவீர்?"

நான் சொன்னேன். எலும்பு நீக்குவதிலிருந்து, மாவு வாங்கும் துணிப்பைகளைத் துவைத்து வைத்திருப்பது வரைக்கும் சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடவில்லை. முடிவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏன் போகவேணும் எண்டு நிக்கிறீர்?"

"முழுசாப் பாக்கவேணும். ஒருக்கா எண்டாலும்."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அப்ப நான் காரோடை கீழை நிக்கிறன். பொழுதுபட முன்னம் வராட்டி ஆக்களைக் கூட்டிக்கொண்டு வருவன். ஆனா இறைச்சியைத் தொடமாட்டன்."

"ஓம், தொடவேண்டாம். தேத்தண்ணி மட்டும் சூடா வைச்சிருங்கோ."

வியாழன் மாலை மலையடிவார ஊர் ஒன்றில் அறை எடுத்துத் தங்கினோம். வெள்ளி விடியும்போது ஆற்றங்கரையில் காரை நிறுத்தினார். நான் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, மரம் வெட்டுபவர்கள் எப்போதோ போட்டுக் கைவிட்ட பாதையில் ஏறத் தொடங்கினேன். முதல் வளைவில் திரும்பிப் பார்த்தேன். அவர் கைகளைக் கக்கத்தில் வைத்துக் குளிரில் குதித்துக்கொண்டு நின்றார். அடுத்த வளைவில் அவர் இல்லை. தனிமை என்றால் ஏதோ பாரமாக வந்து இறங்கும் என்று நினைத்திருந்தேன். மாறாக, உடம்பு இலேசானது. என் காலடி, என் மூச்சு, என் முடிவு. வேறெவரும் இல்லை. காற்று முகத்துக்கு எதிராக இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஈர மண்ணும் யூக்கலிப்டஸ் இலையும் மணந்தன, கறித்தூள் மணக்கவில்லை.

முகட்டை அடைந்து ஒரு விழுந்த மரத்தின் பின்னால் உட்கார்ந்தேன். கீழே ஆழமான பள்ளம், எதிர்ச்சரிவில் பன்னங்கள். வெகுநேரம் ஒன்றும் அசையவில்லை. பிறகு, நான் ஒரு பட்ட மரத்தின் அடி என்று எண்ணி இருந்த பழுப்பு, காதை அசைத்தது.

அது கலைமான் அல்ல, பசுவும் அல்ல. இரண்டையும் சேர்த்து இருட்டில் தோய்த்தெடுத்தது போன்ற ஒன்று. கழுத்தில் பிடரிமயிர் நனைந்து சிலிர்த்திருந்தது. கொம்புகள் தலையை விட்டு அகன்று மேலெழுந்து நின்றன. மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. என் கைகளுக்கு மனப்பாடமான ஒவ்வொரு தசையும் அந்தத் தோலுக்குக் கீழே இருந்த இடத்தில் இருந்து வேலை செய்துகொண்டிருந்தது: முன்காற்சந்து உயர்ந்தது, விலா விரிந்தது, பின்தொடை பாரத்தை வாங்கியது. ஒன்றோடு ஒன்று இப்படித்தான் சேரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. சத்தம் போட்டுச் சிரிக்கவேண்டும்போல் இருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

சுடக்கூடிய தூரம்தான். ஆனால் அது நின்ற இடம் பள்ளத்துக்கு அப்பால். அதை விழுத்தினால் ஒரு நாளில் அல்ல, இரண்டு நாளிலும் காவி முடியாது. எனவே பாதுகாப்பு விசையில் இருந்து விரலை எடுத்துவிட்டு, கண் கொண்ட மட்டும் பார்த்தேன். அது ஆற அமர மேய்ந்து, பன்னங்களுக்குள் நடந்து மறைந்தது. என்னை அறியாமலேயே போனது.

வெயில் ஏறியபோது பாதையை ஒட்டி இறங்கத் தொடங்கினேன். காற்று இப்போது கீழிருந்து வந்துகொண்டிருந்தது. காரிலிருந்து அதிகம் தொலைவில்லாத ஒரு திட்டில், கிளை விடாத கொம்புள்ள ஓர் இளம் மரை பக்கவாட்டாக நின்று இலை கடித்துக்கொண்டிருந்தது. பாதையின் ஓரம்; நல்ல வெளிச்சம்; முழு நாளும் கையில் இருந்தது. முழங்காலிட்டு, மூச்சைப் பாதி விட்டு, சுட்டேன். அது இரண்டு எட்டு வைத்து விழுந்தது.

துவக்கை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டுக் கத்தியை எடுத்தேன். அது தெரிந்த வேலை. முதல் தொடையைப் பையிலிட்டுக் கட்டும்போது கீழே சறுக்கும் ஓசையும் மூச்சிரைப்பும் கேட்டன. காரோடு கீழே நிற்பேன் என்றவர், பள்ளிக்கூடச் சப்பாத்தோடு, தேநீர்க் குடுவையை நெஞ்சோடு அணைத்தபடி ஏறி வந்துகொண்டிருந்தார். வெடிச் சத்தம் கேட்டபிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லையாம். என்னைக் கண்டதும் நின்றார். பிறகு மரியாதையாக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, மரங்களைப் பார்த்துக் கேட்டார்:

"கண்டனீரோ?"

"ஓம். முழுசா."

"இதையோ?"

"இல்லை. வேறை ஒண்டு. பெரிசு. அது போட்டுது."

அவர் தலையசைத்தார். நான் பைகளை நிரப்பி முடிக்கும் வரை அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். முதல் பையை நான் தோளில் ஏற்றியபோது சற்றுத் தடுமாறினேன். அவர் திரும்பினார். மற்றப் பைகளைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

"உள்ளுக்கை என்ன எண்டு சொல்லாதையும்," என்றார்.

நான் சொல்லவில்லை. இருவருமாக ஏறி இறங்கி, பொழுது சாய வெகுநேரத்துக்கு முன்பே எல்லாவற்றையும் காருக்குள் சேர்த்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் குளித்து, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, தோழியிடம் துவக்கையும் துவக்குக்குரிய பங்கையும் கொண்டுபோனேன். அந்தப் பங்கின் முறையை அவளுக்கு விளக்கினேன். அவள் உடனேயே ஈரலை வெண்ணெயில் வதக்கச் சொன்னாள். நான் வதக்கினேன். கண்ட பெரிய மரையைப் பற்றி வாயோயாமல் சொன்னேன். எழுந்து நின்று, அது கழுத்தை எப்படித் திருப்பியது என்று நடித்தும் காட்டினேன். அவள் தட்டைப் பாதி முடித்த பிறகுதான், நான் ஒரு துண்டும் எடுக்காததைக் கவனித்தாள். இன்று வெள்ளிக்கிழமை, நாங்கள் மச்சம், இறைச்சி ஒன்றும் சாப்பிடுவதில்லை என்றேன். மலையேறிச் சுட்டுச் சுமந்து வந்தவள் பட்டினியாக நின்று பரிமாறுகிறாள் என்று அவள் சிரித்த சிரிப்பில், மாவுக்கட்டுப் போட்ட கால் கதிரையிலிருந்து நழுவிவிட்டது.

எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. நாளை சனி. காலையில் அன்ரியின் சட்டிக்கு ஒரு பங்கு போகவேண்டும். மிச்சத்தை வார்ந்து கொடியில் போடவேண்டும். எந்தத் தசை எங்கே இருந்தது என்று சொல்ல இனிமேல் கண்ணை மூடினால், கைகளுக்கு முன்னால் அந்தப் பெரிய மரையே தெரியும், பன்னங்களுக்கு நடுவே, மூக்கில் ஆவியோடு, முழுதாக.