பாடம் முடியும் முன்

அப்பா ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சேக்காட்டில் வீடு கட்டிக்கொண்ட பிறகும், ஞாயிறு ஆராதனைக்குப் பழைய கோயிலுக்கே போனோம். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே வேதபாடம் வாசிப்பது அவருடைய முறை. மைக் வருவதற்கு முன்பே வாசிக்கத் தொடங்கியவர். மைக் வந்த பிறகும் அதிலிருந்து தள்ளியே நின்றார்.

எங்கள் கோயிலில், வாசிப்பவர் பாடம் முடிந்தது என்று அறிவித்ததும் சபையார் "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்போம். அதைக் கேட்ட பிறகுதான் அவர் புத்தகத்தை மூடிவிட்டு இறங்குவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, அப்பா ஒரு பத்தியை முடித்துவிட்டு அதையே மறுபடி வாசித்தார். அழுத்தம் கொடுக்கிறார் என்று நினைத்தவர்கள் உண்டு. ஆராதனை முடிந்ததும், அவரோடு லேத்தில் வேலை பார்த்த பாடி ஊர்க்காரர் ஒருவர் வாசலில் தோளைத் தட்டினார். "இன்னா அண்ணாத்தே, ஞாயித்துக்கெழமையும் ஓவர்டைமா?"

"டபுள் சம்பளம் உண்டுல்லா?" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

வீட்டில் அதற்கு முன்பே பலவும் மாறியிருந்தன. சட்டைப் பொத்தான்களை அம்மாதான் போட்டுவிட்டாள். அவர் கடைக்குக் கிளம்பினால், தானும் ஏதோ வாங்கப் போவதுபோல் பையை எடுத்துக்கொண்டு சற்றுப் பின்னால் நடந்தாள். நான் அப்போது ஒரு பத்திரிகையில் பிறர் எழுதியதைத் திருத்தும் வேலையில் இருந்தேன். எதை எங்கே வெட்டுவது என்பதுதான் என் வேலை.

"போதகர்ட்ட சொல்லி அப்பா முறையை வேற ஆளுக்கு மாத்திருவோம்மா" என்றேன்.

"சைக்கிளை எடுத்துட்டேன். வீட்டுச் சாவியை எடுத்துட்டேன். இது ஒண்ணாவது அவருக்கு இருக்கட்டும்ட்டி."

அவளுக்குத் தெரியாமல் போதகரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "என்னைக்கு நிறுத்தணும்னு நீங்களே சொல்லுங்கம்மா. அன்னைக்கு நிறுத்திடறேன்" என்றார். என்றைக்கு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் அப்பா ஒரே பத்தியைச் சுற்றிச்சுற்றி வந்தார். குரலில் மட்டும் குறையில்லை. ஆண்கள் பக்கத்தில் தலைகள் குனிந்தன. பெண்கள் பக்கத்திலிருந்து நான் எழுந்தேன். அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருட்டி." பிறகு, அப்பா ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கிய இடத்தில், தனியாக, உரக்கச் சொன்னாள்: "தேவனுக்கு ஸ்தோத்திரம்." சற்றுக் கழித்து சபை முழுவதும் சொன்னது. அப்பாவின் கைகள் புத்தகத்தை மூடின. அன்று மதியம் கறிக்குழம்பை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பின் அதுவே ஏற்பாடாயிற்று. யாரும் பேசிவைக்கவில்லை. அம்மா எங்கே சொல்கிறாளோ அங்கே பாடம் முடியும். சபையார் அப்பாவைப் பார்ப்பதை விட்டு, முன்வரிசையில் இருந்த அம்மாவின் முதுகைப் பார்த்துக் காத்திருந்தார்கள். மாதத்துக்கு மாதம் அவள் சற்று முன்னதாகவே சொல்லிக்கொண்டு வந்தாள். முதலில், அவர் இரண்டாம் முறை வாசித்து முடித்ததும் சொன்னாள். பிறகு, இரண்டாம் முறை தொடங்கியதுமே. அதன் பிறகு, குரல் லேசாகத் தடுமாறினாலே.

ஒரு ஞாயிறு அப்பா நன்றாக வாசித்தார். எங்கும் திக்கவில்லை. பக்கத்தின் முடிவில் நிறுத்தி, புரட்டுவதற்காக விரலை நாக்கில் தொட்டார். அம்மா "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். சபையும் சொன்னது. பழக்கத்தில் நானும் சொன்னேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் முடியலையே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். என் மடியில் திறந்திருந்த புத்தகத்தில், அடுத்த பக்கத்தில் பாதி பாக்கி இருந்தது. அவர் பக்கத்தைப் புரட்டி வரியைத் தேடினார். விரல் மேலிருந்து கீழே போனது, மறுபடி மேலே வந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். போய் வரியைக் காட்டலாம். காட்டினால், அவருக்கு அது தெரியவில்லை என்று சபைக்குச் சொன்னதாகிவிடும். நாங்கள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் போதகர் பாட்டை அறிவித்துவிட்டார். ஆர்மோனியம் தொடங்கியது. அப்பா புத்தகத்தை மூடாமலே இறங்கினார்.

திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. மூவரும் நின்றோம்.

"அடுத்த மாசம் வேற யாரையாவது வாசிக்கச் சொல்லிரு" என்றார் அப்பா என்னிடம்.

"ஏன்ப்பா? நல்லாத்தான வாசிச்சீங்க?"

"நான் நல்லாத்தான் வாசிச்சேன். கேக்குறவங்களுக்குப் பொறுமை இல்ல."

சரக்கு வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அது கடந்து முடிந்ததும் அம்மா சொன்னாள்: "மொதல்ல சொன்னது நாந்தான்."

"தெரியும்" என்றார் அப்பா. "உன் குரல் தெரியாதா எனக்கு?"