விளக்குக்குள் தட்டிய கை

இது நடந்த கதை. நம்பாதவர்கள் என் மச்சானையே கேட்டுக்கொள்ளலாம். அவனுக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பை நான் ஒருவனே சுமக்கிறேன். ஆனால் இதில் என் கைச்சரக்கு ஒரு சிட்டிகைகூடக் கிடையாது.

மச்சான் கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவன். ஒருநாள் நடுக்கடலுக்கு மேலே ஒரு விளக்கு எதிரே மிதந்து வந்தது. சத்தமில்லை, இறக்கையில்லை. பக்கத்தில் வந்தபோது பார்த்தால் உள்ளே ஒரு நிழல்! இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே கடந்து போனதாம்.

அதை அப்படியே மேலிடத்தில் சொல்லிவைத்தான், மண்டு. கடலுக்கு மேலே தென்படும் இந்த மாதிரி விவகாரங்களை விசாரிக்கவே ஒரு ராணுவக் குழு உண்டு. பறக்கக் கூடாது என்று அவனை ஆபீசில் உட்காரவைத்துவிட்டார்கள்.

“ஏம்ப்பா, விளக்குக்குள்ள ஆளா? மந்திரவாதிகிட்ட போக வேண்டியவன் எங்ககிட்ட வந்துட்டியே!” என்றார் விசாரணை அதிகாரி.

“பாத்ததத்தான் சொன்னேன் சார்.”

“நாளைக்குப் பெட்டியில ஏறு. மீன்பிடிப் படகு விளக்கு ஒண்ணு காட்டுறோம். ‘இதேதான், உள்ள யாருமில்ல’ன்னு சொல்லிடு. மறுநாளே பறக்கலாம். இல்லன்னா ரிட்டயர் ஆகுறவரைக்கும் ஃபைல்தான்.”

பெட்டி என்றால் பயிற்சிப் பெட்டி. ஹெலிகாப்டரின் இருக்கை, கண்ணாடி எல்லாம் அசலாக இருக்கும். கண்ணாடிக்கு வெளியே திரையில் பொய்க் கடல். வெளியே உட்கார்ந்து டெக்னீஷியன் இயக்குவார்.

மச்சானுக்குப் பறப்பதுதான் உயிர். பொய் சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்தே ஏறினான்.

பட்டப்பகல், மூன்று மணி பத்து. கதவு மூடியது. டப்!

திரையில் இருட்டுக் கடல். தூரத்தில் ஒரு விளக்கு.

“இதேதான் சார். உள்ள யாருமில்ல.”

ஹெட்போனில் டெக்னீஷியனின் குரல்.

“சார்... நான் இன்னும் விளக்கே போடலையே...”

விளக்கு வளர்ந்தது. கடலை மறைத்தது. கண்ணாடி முழுக்க வெள்ளை.

“கதவத் தொறங்க!”

கொர்ர்ர்... இரைச்சல் மட்டும்.

கதவைத் தள்ளினான். அசையவில்லை.

கண்ணாடி பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது.

இரண்டு கையாலும் தட்டினான்.

தட்டினான்...

தட்டினான்...

டப்.

கதவு திறந்தது. வெளியே வந்து விழுந்தான். மூன்று இருபது.

அதிகாரி அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. “படகு விளக்குதான். விசாரணை முடிஞ்சுது, போ” என்றார்.

பறக்க அனுமதி வந்தது. மச்சான்தான் போகவில்லை. இன்றுவரை லிஃப்டில்கூட ஏறுவதில்லை. ஒன்பதாவது மாடியில் இருக்கும் என் வீட்டுக்குப் படியேறியே வருவான்; அவன் மூச்சிரைப்பு எட்டுத் தெருவுக்குக் கேட்கும். (சரி, இது மட்டும் கைச்சரக்கு.)

வேலையை விட்ட பிறகு ஒருநாள் அந்த டெக்னீஷியனைக் கடைத்தெருவில் பிடித்துவிட்டான்.

“ஏன்யா, அவ்வளவு தட்டுனேனே, கதவத் தொறந்தா என்ன?”

அவர் முகம் வெளுத்துவிட்டது.

“உடனே தொறந்துட்டோம் சார். ரெண்டு தடவ. சீட்டுல நீங்க இல்ல.”

“அப்ப நான் எங்க இருந்தேன்?”

“திரையில ஒரு விளக்கு போய்க்கிட்டு இருந்துச்சு சார்... அதுக்குள்ள நின்னு தட்டிக்கிட்டு இருந்தீங்க.”