மரியாதையாகத்தான் கூப்பிட்டார்

எங்கள் கல்லூரி முதல்வரை நினைத்தால் அவருடைய கைதான் முதலில் கண்முன் வரும். வெளிவாசலுக்கு அப்பால் சாலையோரம் நின்ற தூங்குமூஞ்சி மரத்தை அந்தக் கையால் காட்டினார். "வெயில்ல இப்படி உக்காந்திருந்தா மயக்கம் வந்துருமுங்க. நெழலுக்கு வாங்க கண்ணு, அங்க பேசிக்கலாம்." முதலாண்டுப் பெண்ணைக்கூட 'ங்க' போடாமல் கூப்பிடாத மனிதர். கோயமுத்தூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அப்படிப்பட்டவரை எதிர்த்துப் பேச வாய் வராது.

நாங்கள் கேட்டது நல்ல தண்ணீர், அவ்வளவுதான். விடுதித் தொட்டித் தண்ணீரைக் குடித்து அறைக்கு ஒருத்தி மஞ்சள் காமாலையில் படுத்திருந்தாள். மனு கொடுத்து அலுத்துப்போய்த்தான் அலுவலகக் கட்டடத்தின் முன்னால் உட்கார்ந்தோம். முன்வரிசையில் என் அறைத்தோழி. வெள்ளகோவில்காரி, அப்பா தறி ஓட்டுகிறவர். சப்-இன்ஸ்பெக்டர் ஆகிவிட வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. விடியுமுன் எழுந்து மைதானத்தில் ஓடப் போவாள், போகிற போக்கில் எங்கள் தூக்கத்தையும் கெடுப்பாள். வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றபோது நாங்கள் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்தோம். அவளோ இன்ஸ்பெக்டரின் தோளில் இருந்த நட்சத்திரங்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதுகாப்புக்கு வந்திருக்கிறார்கள் என்று முதல்வர் சொன்னார். நம்பினோம்.

அவர் கூப்பிட்டதும் முதலில் எழுந்தவள் அவள்தான். தயங்கியவர்களையும், "ஐயா இவ்வளவு தன்மையாக் கூப்புடறாரு, உக்காந்தே இருந்தா நல்லாவா இருக்குது? எந்திரிங்க" என்று கிளப்பினாள். போனோம். கடைசி ஆள் தாண்டியதும் கேட்டைச் சாத்திவிட்டார்கள். முதல்வர் உள்ளேயே நின்றுகொண்டார். வளாகத்துக்குள் போலீஸ் எங்கள்மீது கை வைத்தால் கல்லூரியின் பெயர் கெடும். சாலைக்கு வந்துவிட்டால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சொல்லி அள்ளிக்கொண்டு போகலாம். எங்களை வண்டியில் ஏற்றிய பிறகுதான் இது புரிந்தது. என் முதுகில் லத்தியை வைத்துத் தள்ளிய பெண் போலீஸ்கூட "ஏறுங்க அம்மணி" என்றுதான் சொன்னார். அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

சாயங்காலம் எல்லோரையும் விட்டுவிட்டார்கள். முன்னால் நடந்து வந்த சிலர்மீது மட்டும் வழக்கு. பின்னால் அது ஒன்றுமில்லாமல் போனது, அவளுக்கு மட்டும் போகவில்லை. எழுத்துத் தேர்விலும் ஓட்டத்திலும் தேறியவளை, விசாரணையில் பழைய வழக்கு இருக்கிறது என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். இப்போது காங்கேயத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அதற்குப் பிறகு அவள் ஓடி நான் பார்க்கவில்லை.

போன ஆவணியில் கிணத்துக்கடவில் கூடப் படித்தவள் ஒருத்தியின் தம்பிக்குக் கல்யாணம். என் அறைத்தோழியும் நானும் போயிருந்தோம். பெண் வீட்டுச் சொந்தமாக மண்டப வாசலில் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தவர் எங்கள் முதல்வர். ஓய்வு பெற்று உடம்பு இளைத்திருந்தார், பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. நாங்கள் அவருடைய மாணவிகள் என்று தெரிந்ததும் மகிழ்ந்துபோய், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டார்.

குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் அவள் சொன்னாள்: "போலீஸ் வேலைக்குப் போலாம்னு இருந்தனுங்க ஐயா. நீங்க நெழலுக்குக் கூப்புட்டீங்க, வந்தனுங்க."

அவர் முகம் வெளுத்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "பந்தி போட்டாச்சு, மொதல்ல சாப்புட வாங்க கண்ணு" என்று முன்னால் நடந்தார்.

அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.