பதினொன்றும் பதினேழும்

முதலில் மன்னித்துவிடுங்கள். என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது எனக்கு இன்றும் குழப்பம்தான். ஐந்தாவதோடு நின்றவன். இதை டைப் அடிக்கிறவர் பிழைகளைத் திருத்திவிடுவார். அன்றைக்கு அப்படித் திருத்த ஆள் இல்லை.

ஆவடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். கியர் சைக்கிளை ரிப்பேருக்குக் கொண்டுவரும் பிள்ளைகள் நச்சரித்துத்தான் இந்தப் பந்தயம் தொடங்கியது. கோவில்பதாகைக்குப் பின்னால் ஏரிக்கரைமேல் ஏறி, மதகைத் தாண்டி, கருவேலங்காட்டில் இறங்கித் திரும்புகிற மண்பாதை. வருடத்துக்கு இரண்டு முறை, ஞாயிறு காலை. ஜெயித்தவருக்கு ஒரு டயர்.

பிள்ளைகளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூச்சம். இந்தக் காலத்துப் பெயர்களை எழுதவும் வராது. அட்டையில் நம்பர் எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவிடுவேன். பந்தயம் முடிகிறவரை அதுதான் பெயர்.

அன்று இருபத்திரண்டு பேர். பக்கத்துக் கடை வெல்டிங்காரர் முடிவுக் கோட்டில் நின்று, வருகிறவர்களை நோட்டில் டிக் போட்டார். கடைசியில் பதினொன்றுக்கு மட்டும் டிக் இல்லை.

கால் மணி நேரம் பார்த்தோம். வரவில்லை. மழையில் மதகடியில் பெரிய பள்ளம் விழுந்து தண்ணீர் நின்றிருந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டியது நான்தான், ஆனாலும் பையன் அதில்தான் விழுந்துவிட்டானோ என்று நினைத்தேன். நாலு பேர் "பதினொண்ணு, பதினொண்ணு" என்று கத்திக்கொண்டே கரைமேல் ஓடினார்கள்.

அப்போது பூந்தமல்லியில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அண்ணாத்தே, பதினொண்ணு இங்க பன்னு துன்னுகினு கீறான். நீங்க யாரத் தேடிக்கினு கீறீங்கோ?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வெல்டிங்காரர் பதினொன்றுக்கும் ஒரு டிக் போட்டு, தேடப் போனவர்களைப் போனில் திரும்பக் கூப்பிட்டார். பரிசு கொடுக்கலாம் என்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையனின் சைக்கிளில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். ஒன்று எழுதும்போது மேலே ஒரு கொக்கி இழுப்பது என் பழக்கம். அவசரத்தில் இரண்டாவது ஒன்றின் கொக்கி நீண்டுபோயிருந்தது. யார் பார்த்தாலும் பதினேழு என்றுதான் படிப்பார்கள். வெல்டிங்காரரும் அப்படித்தான் படித்திருக்கிறார். பதினேழுக்கு விழுந்த டிக் இந்தப் பையனுடையது. அப்படியானால் பதினேழு வரவே இல்லை.

பதினேழு ஒரு பெண். எட்டாவது படிக்கிறாள். மதுரையிலிருந்து வந்து நூம்பலில் ஃபிளாட் வாங்கிய குடும்பம். மகள் தோழிகளோடு இருக்கிறாள் என்று நினைத்து, அவள் அம்மா பரிசு வைத்திருந்த மேசைப் பக்கம் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவரிடம் போனேன். வாய் திறக்கவில்லை. இத்தனை படித்தவர்கள் நடுவில் ஒன்று எழுதத் தெரியாதவன் என்று ஆகிவிடுமே என்று தோன்றியது. ஒரு நிமிடம் அப்படியே நின்றிருப்பேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

பிறகு பரிசு அறிவிக்க வைத்திருந்த மைக்கை எடுத்தேன். அதுவரை நான் அதைத் தொட்டதுகூட இல்லை.

"பதினேழு வரல. நான் நம்பர் எழுதினது தப்பு. அந்தப் பொண்ணு இன்னும் உள்ளதான் கீது."

அந்த அம்மா என்னவோ கேட்டார். அதற்குள் நான் ஓட ஆரம்பித்துவிட்டேன்.

மதகடியில் என் கயிறு அறுந்து கிடந்தது. "பதினேழு" என்று கத்தினேன். முள்ளுக்குள்ளிருந்து "இங்க இருக்கேன்" என்று மெதுவாகச் சத்தம் வந்தது. தண்ணீருக்கு ஒரு முழம் தள்ளிக் கிடந்தாள். சைக்கிள் காலின்மேல் விழுந்திருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. கையெல்லாம் முள் கீறல்.

தேடி வந்தவர்களின் சத்தம் காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"விழுந்துச்சு அங்கிள். பதினொண்ணுன்னுதான் கூப்பிட்டாங்க. அவனுக்குத்தான் பெரிய அடி போலன்னு நெனச்சேன். மொதல்ல அவனப் பாக்கட்டும்னு சும்மா இருந்துட்டேன்."

சைக்கிளைத் தூக்கி எடுத்தேன். பின்னாலேயே அவள் அம்மாவும் வந்துவிட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கணுக்காலில் போட்ட கட்டைப் பிரித்து, அடுத்த பந்தயத்துக்கு அவள் வந்தாள். அட்டையில் பெயர்களை அவள் அம்மாவே எழுதிக் கொடுத்தார். கிளம்பும் முன் அட்டையைப் பார்த்து எழுத்துக்கூட்டி ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். அவள் முறை வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னும் சத்தமா கூப்பிடுங்க அங்கிள்" என்றாள். கூப்பிட்டேன்.

ஏழுக்கு இப்போது நடுவில் ஒரு கோடு போடுகிறேன். கீழே தேதியிலும் போட்டிருக்கிறேன்.

7.9.2025