நீலத்துணிக் கட்டு

வெட்டிப் போட்ட நீலத்துணித் துண்டு ஒன்று, அக்காவின் ஆள்காட்டி விரலில் இறுக்கிக் கட்டியிருந்தது. என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் துண்டுதான்.

அப்போது நான் புது நர்ஸ். குரோம்பேட்டையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். அக்கா தாம்பரத்தில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனியில் டெய்லர். அவள் சம்பளத்தில்தான் நர்சிங் படித்தேன். வேலைக்குப் போன பிறகும் அவள் சம்பளம்தான் அதிகம். "இன்னா நர்ஸு சார், இந்த மாசம் சம்பளம் உண்டா, இல்ல பேஷன்ட்டு குடுத்த சாத்துக்குடிதானா?" என்பாள். நானும் சிரிப்பேன். உள்ளே சுருக்கென்று இருக்கும்.

அவளுடைய கம்பெனியிலேயே முதலுதவி அறைக்கு நர்ஸ் தேடினார்கள். சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனக்கோ மனம் வரவில்லை. வார்டை விட்டுவிட்டு, தையல் மிஷின்களுக்கு நடுவே தலைவலி மாத்திரை கொடுத்துக்கொண்டு உட்காருவதா? கூட வேலை செய்த சிஸ்டர்களும், "அங்க போனா ஊசி போடவே மறந்துடும் பிரதர்" என்றார்கள். காசுக்காகப் படித்ததை விற்பதுபோல் இருந்தது. ஆனால் வீட்டு வாடகை அக்கா தலையில் அல்லவா?

அந்த வாரம்தான் அவள் விரல் கண்ணில் பட்டது. துணியை அவிழ்த்தேன். மிஷின் ஊசி நகத்தைத் துளைத்து இறங்கியிருந்தது; காயம் முழுக்க மிஷின் எண்ணெய்.

"எண்ணெய யாருக்கா ஊத்தினது?"

"எல்லாரும் அதான்டா ஊத்துவோம். ரத்தம் நின்னுடும். சட்டையில கறை பட்டா சூப்பர்வைசரு கத்துவான்."

"அந்த முதலுதவி ரூமு?"

"பூட்டிக் கீது. தொறந்திருந்தாலும் யாரு போவா? எழுந்து போனா தைக்கிற பீஸு கொறையும், கூலியில புடிப்பான்."

உள்ளே ஊசிமுனை உடைந்து தங்கியிருந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் டாக்டர் கீறி எடுத்தார். அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

கம்பெனி மேனேஜரிடம், சொன்ன சம்பளம் குறையக் கூடாது என்றேன். அறைச் சாவி என்னிடம் இருக்க வேண்டும், காயத்தோடு வருகிறவர்களுக்கு அந்த நேரத்தில் பீஸ் குறைந்ததென்று கூலியில் பிடிக்கக் கூடாது என்றும் சொன்னேன். அவர் சிரித்தார். "சம்பளம் பேச வந்தியா தம்பி, நியாயம் பேச வந்தியா?"

"ரெண்டும்தான் சார்."

சரி என்றார். அடுத்த மாதம் சேர்ந்தேன். முதல் நாள் காலை முழுக்க அறையைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. எல்லாப் பெண்களும் ஓரக்கண்ணால் சூப்பர்வைசரைப் பார்த்தபடி தைத்தார்கள். அப்போது அக்கா மிஷினை நிறுத்தினாள். ஹாலின் நடுவே நடந்து வந்து, என்றைக்கோ ஆறிப்போன விரலை நீட்டி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, "கட்டு கட்டுங்க சார்!" என்றாள். நான் முகத்தை மாற்றாமல் கட்டினேன். அவள் திரும்பிப் போய் உட்கார்வதற்குள் இரண்டு பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

சம்பளத்துக்காகத்தானே வார்டை விட்டாய் என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். வாடகையை நான்தான் கொடுக்கிறேன். அக்காவின் அந்த நகம் இன்றும் நடுவில் பிளந்தேதான் வளர்கிறது. அவள் தைக்கும் ஹாலில் வெட்டிப்போட்ட துணி இன்னும் மலையாகக் கிடக்கிறது. அதை எடுத்து விரலில் சுற்றிக்கொள்பவர்கள்தான் இல்லை.